பழைய கோயில் ஏட்டில் பூட்டனைத் தேடிப் போனவர்கள் உண்டா?

கேத்திக்காரன்:

எங்கள் வீட்டில் ஒரு பெருமை உண்டு. நீலகிரிப் படகர் சமூகத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவரானது 1858-இல். அந்த முதல் ஆள் எங்கள் பூட்டன்தான் என்று அப்பாவிலிருந்து கல்யாண வீட்டில் மட்டும் பார்க்கிற மாமாக்கள் வரை சத்தியம் செய்வார்கள். போன டிசம்பரில் லீவு போட்டுவிட்டு, ஊட்டிக்கு அருகே கேத்திப் பக்கம் ஒரு பழைய மிஷன் கோயிலுக்குப் போனேன். அங்கே ஞானஸ்நான ஏட்டில் பெயரைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷன், ஜெர்மன்காரர்கள் நிறையப் பேர் இருந்த பாசல் மிஷன், கேத்திக்கு வந்தது 1846-இல். காசாமேஜர் என்ற வெள்ளைக்கார அதிகாரி பள்ளத்தாக்கில் குடியிருந்தார். 1849-இல் இறந்தபோது சொத்தை மிஷனுக்கு எழுதி வைத்தார். மெட்ஸ் என்ற மிஷனரி வருஷக்கணக்காக ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் படகர் ஊர்) நடந்திருக்கிறார். இருந்தும் முதல் ஆள் கிடைக்க 12 வருஷம் ஆனது. சேர்ந்தவரை ஹட்டியில் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். பூட்டன் கதையில் எங்களுக்கு ருசியே அந்த இடம்தான்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஏட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்ததும் ஈரப் பஞ்சு வாடை. பழைய பக்கங்கள் முழுக்கக் கன்னட எழுத்து! யோசித்தால் நியாயம்தான், அந்த மிஷனின் வேர் மங்களூர், தார்வாடு பக்கம், இங்கேயும் கன்னடத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. போட்டோ எடுத்துக்கொண்டு போய், ஊட்டி மண்டியில் கேரட் ஏற்ற வந்திருந்த குண்டுலுப்பேட்டை டிரைவரிடம் நீட்டினேன். மனுஷன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே விரலால் ஓட்டி ஓட்டிப் படித்தார். 1858-இல் பூட்டன் இல்லை. ஒரு தலைமுறை தள்ளி, பக்கத்தின் அடியில், இன்னும் மூன்று பேரோடு சேர்த்து எழுதியிருந்தது.

திரும்பப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எல்லார் வீட்டுப் பூட்டனும் முதல் ஆள்தான் தம்பி. ரெண்டாவது ஆள் வீட்டிலிருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை.”

குன்னூர் அக்கா:

தம்பி, உங்களுக்கு ஏடாவது கிடைத்ததே. நான் பாப்டிஸ்ட் வீட்டுப் பெண். அம்மா வழி கொல்லிமலை. அங்கே ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனரியாக இருந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலில் இறந்தபிறகும், அவர் மனைவி ஈவ்லின் தள்ளாத வயதிலும் மலைகளில் ஊழியம் செய்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது குன்னூர். இங்கே எஸ்டேட் ஓரத்தில் எங்களுக்கு ஒரு சின்னச் சபை, தகரக் கூரை.

எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வயது வந்து, தானாக விசுவாசித்து, முழுகி எழ வேண்டும். அதனால் எங்கள் புத்தகத்தில் யார் எப்போது பிறந்தார்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அதோடு, எங்களுக்குப் பேராயம் கிடையாது, பிஷப் கிடையாது. 1947-இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் போன்ற சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. ஒவ்வொரு சபையும் தனி ராஜ்யம், முடிவெல்லாம் சபைக் கூட்டத்தில். ஆக வரலாறு முழுவதும் செயலாளர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான். அவர் போனால் பெட்டி பரணுக்குப் போகும்.

எங்கள் பழைய கூட்டக் குறிப்பு அப்படி ஒரு பரணில்தான் அகப்பட்டது. பூஞ்சணம் பிடித்துப் பாதிப் பக்கங்கள் அப்பளம்போல் ஒட்டியிருந்தன. பிரிந்த பக்கங்களில் பாதி, கூரை ஒழுகுவதைப் பற்றி. ஒரு வரி மட்டும் மறக்கவே மாட்டேன்: “தண்ணீர் மிகவும் குளிர்ச்சியாக இருந்தபடியால் ஞானஸ்நானம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.”

எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் எடுத்தது ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனி. பிரசங்க மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே தொட்டி. மூப்பர் மனைவி இரண்டு டேக்சா வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு மண்ணும் ஆகவில்லை. வங்காளத்தில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி தம் முதல் விசுவாசி கிருஷ்ண பாலை ஹூக்ளி ஆற்றில் முழுக்கியதும் டிசம்பரில்தான், 1800-இல், என்று பாஸ்டர் தைரியம் சொன்னார். ஹூக்ளியும் குன்னூரும் ஒன்றா? என்னோடு சேர்த்து 11 பேர். நாங்கள் ஆளுக்கொரு முறை முழுகிவிட்டுக் கம்பளிக்குள் போய்விட்டோம். பாஸ்டர் கடைசி ஆள் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார், உதடு நாவல்பழ நிறத்தில்.

கொடை வாசி:

ஏடு இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-இல். சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்துதான் மேலே ஏறினார்கள். துரைமார் கல்லறைகளில் பெயர், வயது, ஊர் எல்லாம் வெட்டியிருக்கும். கூடவே மலையேறிய நம் ஆட்களுக்குத் தலைமாட்டில் வெறும் கருங்கல். என் பாட்டி அதில் ஒன்றைத் தன் தாத்தாவுடையது என்று காட்டினார். அடுத்த வருஷம் வேறொன்றைக் காட்டினார். இரண்டுக்கும் பூ வைத்தோம்.

கேத்திக்காரன்:

அக்கா, அந்த மார்ச் மாத வரியைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். 1914-க்கு அப்புறம் ஏட்டில் கையெழுத்தே மாறுகிறது. போர் வந்ததும் ஜெர்மன் மிஷனரிகளைப் பிடித்து வைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பூட்டன் பெயர் இருப்பது அதற்கு முந்திய பக்கத்தில், சாய்ந்த எழுத்தில்.

பெரியப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எழுதினவன் ஜெர்மன்காரன். வருஷத்தை அவன் தப்பாப் போட்டிருப்பான்” என்றார்.