சமி ஹூப்பியாவை மைதானத்தில் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

எஸ்போ, பின்லாந்து

நண்பர்களே, 2006 இல் வேலைக்காக பின்லாந்துக்கு வந்தேன். அதற்கு முன்பே லிவர்பூலில் ஆடிய பின்லாந்துக் கால்பந்து டிஃபெண்டர் சமி ஹூப்பியாவைத் தெரியும், ஆனால் டிவியில் மட்டும். ஒரு டிஃபெண்டரை டிவியில் பார்ப்பது பாதி பார்ப்பதுதான். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நின்றார், எந்த நொடியில் இரண்டு அடி பின்னால் போனார், பக்கத்து ஆளை எப்படிக் கை காட்டி நகர்த்தினார் என்பதெல்லாம் திரையில் வராது. பந்து வரும்போது அவர் அங்கே நிற்பார், அவ்வளவுதான் தெரியும்.

போன கோடையில் அவர் ஆடத் தொடங்கிய ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றி மில்லுகோஸ்கிக்குப் போனேன். கௌவோலாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். கூமி ஆற்றங்கரையில் காகித ஆலையை நம்பி வளர்ந்த ஊர் அது. ஆலை 2011 முடிவில் மூடப்பட்டது. ஊரின் அணியான மிபாவும் பிறகு பணமில்லாமல் பெரிய லீக்கை விட்டு இறங்கிவிட்டது. சவினியெமி மைதானத்துக்குப் பக்கத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷில் "ஹூப்பியா" என்றதும் அவர் கோல் கம்பத்துக்கு முன்னால் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். "அங்கே நிற்பான்" என்றார். உயரம், கோப்பை, லிவர்பூல் எதுவுமே சொல்லவில்லை. நிற்கும் இடத்தைத்தான் சொன்னார்.

1992 இல் மிபா பின்லாந்துக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் யாரி லிட்மனென், அங்கிருந்து நேராக நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குப் போனவர். இன்னொருவர் இவர். லிட்மனெனின் திறமை யார் கண்ணுக்கும் உடனே பட்டுவிடும். இவருடையது பட இன்னும் ஏழு வருடம் ஆனது. 1995 இல் மிபா மறுபடியும் கோப்பையை வென்ற பிறகு நெதர்லாந்தின் டில்புர்க் நகரத்துக்குப் போனார்.

அவர் வளர்ந்த வொய்க்காவும் பக்கம்தான், அதுவும் காகித ஆலை ஊர். அப்பா அம்மா இருவருமே கால்பந்து ஆடியவர்கள், அம்மா கோல்கீப்பர். பெனால்ட்டி பெட்டிக்குள் பதற்றமில்லாமல் நிற்பது வீட்டிலேயே கற்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லிவர்பூல், டில்புர்க், லெவர்குசன் பக்கம் இருப்பவர்கள் அவரை எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கோல் அடித்ததைவிட கோல் விழாமல் போனதைச் சொன்னால் இன்னும் சந்தோஷம்.

டில்புர்க், நெதர்லாந்து

சுருக்கமாக எழுதுகிறேன். 98-99 சீசனில் வில்லெம் டுவே அணிக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் போயிருக்கிறேன். அப்போது இவர்தான் கேப்டன். எங்கள் சின்ன கிளப், நெதர்லாந்து லீக்கில் ஃபெயனூர்டுக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தது. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் கிடைத்தது. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். ஆனால் அதை ஆட அவர் இங்கே இல்லை, கோடையிலேயே லிவர்பூல் வாங்கிவிட்டது. 26 லட்சம் பவுண்டு. அவர் இல்லாமல் ஆடிய ஆறு சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் எங்கள் அணி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

எஸ்போ நண்பர் கேமராவைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன். லிவர்பூலுக்கு இவரைப் பற்றி முதலில் சொன்னது ஒரு டிவி கேமராமேன். ஐரோப்பா முழுக்கச் சுற்றி ஆட்டங்களைப் படம் பிடிப்பவர். கிளப் ஒரு நல்ல டிஃபெண்டரைத் தேடுவது தெரிந்து, அப்போது நிர்வாகத்தில் இருந்த பீட்டர் ராபின்சனின் அறைக் கதவைத் தட்டி, இந்த ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ராபின்சனே இதைச் சொல்லியிருக்கிறார். படத்தில் வராததைப் படம் பிடித்தவர் பார்த்திருக்கிறார்!

லிவர்பூல், இங்கிலாந்து

நான் 2002 இல் நர்ஸாக இந்த ஊருக்கு வந்தேன். அப்போது கால்பந்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. வார்டில் என்னோடு வேலை செய்த அக்கா ஒருவரிடம் லிவர்பூல் மைதானத்தின் கோப் ஸ்டாண்டில் இரண்டு சீசன் டிக்கெட் இருந்தது. அவர் கணவருக்கு வர முடியாத நாட்களில் என்னைக் கூட்டிப்போவார். ஆட்டம் புரியாத எனக்கு அவர் ஒரு வழி சொன்னார்: "பந்தைப் பார்க்காதே, சமியைப் பார். பந்து அங்கே வரும்."

அப்படித்தான் கால்பந்து கற்றேன். ஆறடி நான்கு அங்குல மனிதர். வேகமாக ஓட மாட்டார், அது எல்லாருக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும். ஆனாலும் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. இன்னொரு டிஃபெண்டரான ஸ்டெஃபான் ஆன்ஷோவோடு இவர் சேர்ந்து நின்ற முதல் சில வருடங்களைப் பற்றி அந்த அக்கா இன்றும் பேசுவார். 2001 இல் ஒரே சீசனில் லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை, யூஇஎஃப்ஏ கோப்பை என்று மூன்று. எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தைச் சொன்னால் எல்லாரும் ஓவனின் இரண்டு கோலைச் சொல்வார்கள். அதற்கு முன் கோல் கோட்டில் நின்று ஆர்சனலின் பந்தை ஹூப்பியா வெளியே தள்ளாமல் இருந்திருந்தால் ஓவன் அடிப்பதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். அக்கா இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

நான் பார்த்ததற்கு வருகிறேன். 2005 ஏப்ரல் 5, சாம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் யுவென்டஸ். 1985 இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்செல் மைதானத்தில், இதே இரண்டு அணிகளின் இறுதி ஆட்டத்துக்கு முன் 39 பேர், பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்கள், இறந்த பிறகு இரண்டு அணிகளும் முதல்முறையாக மோதுகின்றன. நாங்கள் கோப்பில் ஆளுக்கொரு வண்ண அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். எல்லாம் சேர்ந்து இத்தாலிய மொழியில் 'நட்பு' என்ற வார்த்தை. அட்டைக்குள் இருப்பவர்களுக்கு எழுத்து தெரியாது, எதிரே யுவென்டஸ்காரர்களின் முகம்தான் தெரியும். சிலர் கை தட்டினார்கள், சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். இழந்தவர்கள் அவர்கள். அந்த முதுகுகளை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பத்தாவது நிமிடம் ஜெரார்டின் கார்னர். லூயிஸ் கார்சியா தலையால் லேசாகத் தட்டிவிட, பின்னால் ஹூப்பியா தனியாக நிற்கிறார். இடது காலால் பந்து தரையைத் தொடுமுன்பே அடித்தார். பந்து உள்ளே. டிஃபெண்டர் அடித்த அடி மாதிரியே இல்லை. ஆனால் அந்த கோலிலும் அவர் செய்தது வழக்கமாகச் செய்வதுதான், பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே நின்றார். அடுத்த மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலும் முழுநேரமும் ஆடினார். மிலானுக்கு எதிராக 3-0 என்று பின்தங்கி, 3-3 ஆக்கி, பெனால்ட்டியில் ஜெயித்த கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 மார்ச்சில் கேப்டனாக லீக் கோப்பையைத் தூக்கினார், அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்து. அடுத்த மாதமே ஓல்ட் டிராஃபோர்டில் அதே அணிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வான் நிஸ்டல்ராயைப் பிடித்து இழுத்து சிவப்பு அட்டை வாங்கினார். 4-0 தோல்வி. அந்த அக்டோபரில் கேப்டன் பதவி ஜெரார்டுக்குப் போனது. வேறு ஒருவராக இருந்தால் கிளப்பை விட்டே போயிருப்பார். இவர் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்று இன்னும் ஐந்தரை வருடம் ஆடினார். ஐரோப்பியப் போட்டிகளில் மட்டும் 2001 நவம்பரிலிருந்து 2006 பிப்ரவரி வரை தொடர்ச்சியாக 57 ஆட்டங்கள்.

அப்புறம் அவர் இடத்துக்கு இளம் டிஃபெண்டர்கள் ஆகர் வந்தார், ஸ்கர்டெல் வந்தார். 2008 இல் சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்றுக்கான பட்டியலிலேயே இவர் பெயர் இல்லை. எனக்கு அன்று பெரிய வருத்தம். ஆனால் 2009 மார்ச் 14 ஐ மறக்க மாட்டேன். அதே ஓல்ட் டிராஃபோர்ட். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போது அர்பெலோவாவுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. கராகரை ரைட் பேக் இடத்துக்கு நகர்த்தி, 35 வயது ஹூப்பியாவை நடுவில் இறக்கினார்கள். எதிரே ரொனால்டோ, ரூனி, டெவெஸ். வார்டு ஓய்வறையில் டிவி முன்னால் நின்றபடியே பார்த்தேன், உட்காரத் தோன்றவில்லை. 4-1 லிவர்பூல். ஆறு வருடம் முன்பு அவமானப்பட்ட மைதானத்தில், தயாராவதற்கே நேரம் தராமல் இறக்கிவிடப்பட்டும், அவரிடம் ஒரு பதற்றம் இல்லை.

அந்த மே 24 டாட்டன்ஹாமோடு அவருடைய கடைசி ஆட்டம். அன்று கோப்பில் இருந்தேன். பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் பாதி முழுக்க ஸ்டாண்ட் அவர் பெயரைப் பாடியது. ஆட்டம் முடியப் போகும்போது ஜெரார்ட் வெளியே வந்து கேப்டன் பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். ஐந்தரை வருடத்துக்கு முன் கைமாறிய பட்டை. ஆட்டம் முடிந்ததும் அழுதார். அக்காவும் அழுதார், நானும்தான். பத்து சீசன், 464 ஆட்டம், 35 கோல். லீக் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருடம் இரண்டாம் இடம்.

கொலோன், ஜெர்மனி

லிவர்பூல் தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுகிறேன்.

2009 இல் ஹூப்பியா லெவர்குசனுக்கு வந்தபோது என் மகனுக்குப் பதினொரு வயது. ஊர்க் கழகத்தின் சிறுவர் அணியில் பின்களத்தில் நிற்பவன். உயரம் இருந்தது, வேகம் இல்லை. பெடியன் நல்லாய் மனம் உடைந்துபோய் இருந்தான், விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்காகத்தான் லெவர்குசன் மைதானமான பே அரீனாவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். போகிற வழியில் அவனிடம் சொன்னேன், "முதல் பதினைந்து நிமிடம் பந்தைப் பாராதே, 4 ஆம் இலக்கத்தை மட்டும் வடிவாகப் பார்." இப்போது பார்த்தால் அந்த அக்காவும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

மகன் பார்த்தான். சிறிது நேரத்தில் எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டான். "அப்பா, அவர் ஓடவே இல்லை, ஆனால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்." உண்மை. பந்து அந்தப் பக்கத்தில் இருக்கும்போது ஹூப்பியா தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பார், கையால் காட்டுவார், முழு வரிசையையும் ஒன்றாக முன்னால் கொண்டுபோவார். தாக்குபவன் ஓடத் தொடங்கும் முன்பே அவனுடைய வழி அடைபட்டுப் போகும். வேகம் தேவைப்படாமல் செய்வதுதான் அவருடைய வேகம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பருவத்தில் யுப் ஹைன்கெஸ் பயிற்சியாளர், டோனி க்ரோஸ் இளம் பெடியன். லெவர்குசன் தொடக்கத்திலிருந்து 24 ஆட்டங்கள் தோற்கவில்லை, பருவத் தொடக்கத்துக்கு அன்றைக்கு அது ஜெர்மன் லீக்கான புண்டெஸ்லீகாவில் சாதனை. நுர்ன்பெர்க்கில்தான் முடிந்தது. கடைசியில் நான்காம் இடம்தான், அது வேறு கதை. அடுத்த பருவம் இரண்டாவதாக வந்தார்கள், அதோடு அவர் ஓய்வு பெற்றார்.

பிறகு அதே கழகத்தில் சாஷா லெவன்டோவ்ஸ்கியோடு சேர்ந்து பயிற்சியாளர். 2012 ஒக்டோபரில் முனிச்சுக்கே போய் பயர்னை 2-1 என்று வென்றார்கள். அந்தப் பருவம் முழுக்க லீக்கில் பயர்ன் தோற்றது அந்த ஒரே ஆட்டம். அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, 2014 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டதைத்தான் சொல்வார்கள். பிறகு பிரைட்டனிலும் சூரிச்சிலும் சரிவரவில்லை. களத்தில் நின்று செய்ததை வெளியே நின்று மற்றவர்களைக் கொண்டு செய்விப்பது வேறு தொழில் போலும்.

மகன் விளையாட்டை விடவில்லை. இப்போது பெரியவன், வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பின்களத்தில்தான் நிற்கிறான்.

எஸ்போ, பின்லாந்து

கொலோன் அண்ணா, லிவர்பூல் அக்கா, டில்புர்க் நண்பரே, இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நன்றி. என் பங்கையும் எழுதிவிடுகிறேன்.

2007 ஜூன் 6, ஹெல்சின்கி ஒலிம்பிக் மைதானம், பெல்ஜியத்தோடு யூரோ தகுதிச் சுற்று. அன்று ஒரு பெரிய ஆந்தை பறந்து வந்து கோல் கம்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அது இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குப் பறக்க, மைதானம் முழுக்க ஃபின்னிஷில் அதன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். 2-0 வெற்றி. அந்தப் பெயரே பிறகு தேசிய அணியின் செல்லப்பெயராகிவிட்டது. அந்தத் தகுதிச் சுற்றில் 14 ஆட்டங்களில் பின்லாந்து வாங்கியது வெறும் ஏழு கோல். இதைவிட என்ன செய்ய முடியும் ஒரு தடுப்பு வரிசை? கடைசி நாள் போர்ட்டோவில் ஜெயிக்க வேண்டும், 0-0. கோல் விழவில்லை, ஆனால் கோல் அடிக்கவும் முடியவில்லை. 24 புள்ளிகளோடு நான்காம் இடம். 2010 இல் 105 ஆட்டங்களோடு அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். ஒரு உலகக் கோப்பை, ஒரு யூரோ, எதுவுமே ஆடாமல்.

2019 நவம்பர் 15 அன்று லீக்டன்ஸ்டைனை 3-0 என்று வென்று பின்லாந்து முதல்முறையாக யூரோவுக்குத் தகுதி பெற்றபோதும் நான் அங்கே இருந்தேன். ஒலிம்பிக் மைதானத்தில் மராமத்து நடந்ததால் பக்கத்திலிருந்த சின்ன மைதானத்தில் ஆட்டம். விசில் ஊதியதும் மக்கள் வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எல்லாரும் மைதானத்தின் நடுவை நோக்கி, கோல் அடித்த பூக்கி இருந்த பக்கம் ஓடினார்கள். அறுபது வயதிருக்கும் ஒருவர் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. குளிருக்கான ஜாக்கெட்டுக்கு மேலேயே வெளுத்துப்போன பழைய ஜெர்சி, முதுகில் 4, ஹூப்பியா. நேராகப் பெனால்ட்டி பெட்டிக்குள் நடந்து போய், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.