புதுப்பிப்பு: சிக்னலில் நின்றால் ஹீட் ஏறிய கார், கோளாறு பிடிபட்டது

குரோம்பேட்டை சிக்னலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேயை மாற்றியும் பலனில்லை. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஃபேன் சுற்றியது, ஆனால் முக்கி முனகி. ஃபேன் வயர் சேரும் சாக்கெட்டைப் பிரித்தால் ஒரு பின் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. சாக்கெட்டை மட்டும் மாற்றினேன்.

எதிர்பாராதது: இரண்டே நாளில் புது சாக்கெட்டும் தொட முடியாத சூடு. வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 22 ஆம்பியர்! புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து இறுகிய மோட்டார் கரண்டை அதிகமாக இழுத்திருக்கிறது. ஃப்யூஸ் 30 ஆம்பியர் என்பதால் போகவே இல்லை. ஃப்யூஸ் போகாததால் கரண்ட் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். மோட்டார் மாற்றியபின் 11 ஆம்பியர். நேற்று ஏசியோடு அரைமணி நேரம் ஐடிலில் விட்டேன். முள் பாதியைத் தாண்டவில்லை.