நோர்த் கேப்புக்கு 15 நிமிஷம்தானா? நோர்வே கரையோரக் கப்பல் அட்டவணையில் குழப்பம், உதவி தேவை

ஹட்டன் மகன்:
அம்மா அப்பாவோட செப்டெம்பர் கடைசியில நோர்வே கரையோரக் கப்பல்ல போற திட்டம். ஏஜன்ட் போட்டுத் தந்தது வடக்குக் கோடி கிர்க்கெனஸ்ல ஏறி தெற்கே பேர்கன்ல இறங்குற பயணம், 5 இரவு. அப்பாவுக்கு ஐரோப்பாவோட வட முனைன்னு சொல்ற நோர்த் கேப் பார்க்கணும், அதுக்குத்தான் இவ்வளவும். கப்பல்காரங்க புத்தகத்துல நோர்த் கேப் டூர் 3 மணித்தியாலம்னு இருக்கு. ஆனா எங்க அட்டவணையில, நோர்த் கேப்புக்கு இறங்குற ஹொனிங்ஸ்வோக் துறைமுகத்துக்கு காலை 5:30க்கு வந்து 5:45க்கு கிளம்புது. அச்சுப் பிழையா? ட்ரொம்சோவும் நடுச்சாமத்துலதான் வருது. அம்மாவுக்கு முழங்கால் நோவு, படி ஏற ஏலாது. எல்லா ஊர்லயும் டூர் வாங்க கட்டுப்படியாகாது. எங்கெங்க நாமளே இறங்கிப் பார்க்கலாம்? முற்பணம் மட்டும்தான் கட்டியிருக்கு, வீசாவுக்கு இன்னும் போடல.

கொட்டகலை குமார்:
பிழை இல்ல தம்பி, திசைதான் மாறிப்போச்சு. நீங்க பார்க்குறது வடக்கே போற கப்பலோட டூர் புத்தகம், கையில இருக்குறது தெற்கே வர்ற கப்பலோட அட்டவணை. போகும்போது பகல்ல நிக்கிற ஊருக்கு வரும்போது ராத்திரியில வரும், ராத்திரி தாண்டினதுக்குப் பகல்ல வரும். 12 நாள் முழுச்சுற்றும் போறவங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரு வழி மட்டும் போறவங்க எந்தப் பக்கம்னு பார்த்து எடுக்கணும்.

பதுளை வாசகி:
குமார் அண்ணன் சொன்னது சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இது சொகுசுக் கப்பல் மட்டும் அல்ல, சாமானும் உள்ளூர் ஆட்களும் ஏற்றி இறக்கும் கப்பல். 1893இல் தபாலும் சரக்கும் கொண்டுபோகத் தொடங்கிய வழி. இப்போது ஹர்டிக்ருட்டன், ஹாவிலா என்று இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. வடக்கே போகும்போது 34 துறைமுகம், அதில் பாதிக்கு மேல் 15 முதல் 45 நிமிஷம்தான். அங்கெல்லாம் சாமான்களை இறக்கி ஏற்றுவதை மேல்தளத்தில் நின்று பார்க்கலாம், ஊர் பார்க்க நேரம் இல்லை.

வடக்கே போகும் கப்பலில் ஏறக்குறைய நேரங்கள் இப்படி: ட்ரொண்டைம் 3 மணித்தியாலம் (முற்பகல்), பூடோ இரண்டரை (பிற்பகல்), ட்ரொம்சோ 4 (பிற்பகல் இரண்டேகால் முதல் ஆறேகால் வரை), ஹொனிங்ஸ்வோக் மூன்றரை (காலை 11 அளவில்). தெற்கே வரும்போது ட்ரொண்டைம் காலை ஆறரை முதல் ஒன்பதரை, அந்த நேரத்தில் நிடரோஸ் பேராலயத்தை வெளியே நின்றுதான் பார்க்கலாம். தெற்கு வழியில் கிடைக்கும் ஒரு நல்ல நிறுத்தம் ஹமர்ஃபெஸ்ட், ஏறக்குறைய 2 மணித்தியாலம் முற்பகலில். உங்கள் திகதிக்குரிய அட்டவணையை ஒருமுறை சரிபாருங்கள், பருவத்துக்குப் பருவம் சில நிமிஷம் நகரும்.

ஆகவே பணம் கட்டி முடிக்கும் முன் பேர்கனிலிருந்து கிர்க்கெனஸ் என்று திருப்பச் சொல்லுங்கள். ஒரு இரவு கூடும் (6), விலையும் கொஞ்சம் ஏறலாம். அப்பாவின் ஆசைக்கு வேறு நேர்வழி இல்லை.

ஹட்டன் மகன்:
நன்றி அக்கா. ஏஜன்ட் மாத்த ஏலாதுன்னு சொன்னா?

பதுளை வாசகி:
ஒரு குறுக்கு வழி உண்டு. ஹொனிங்ஸ்வோக்கில் அதிகாலை இறங்கி, பஸ்ஸில் நோர்த் கேப்பில் காலைச் சாப்பாடு முடித்து, தரைவழியாக ஹமர்ஃபெஸ்ட்டுக்குப் போய் அதே கப்பலில் மறுபடி ஏறும் டூர் ஹர்டிக்ருட்டன் விற்கிறது. கோடைப் பருவத்தில்தான் நடக்கும். செப்டெம்பர் கடைசியில் இருக்கும் என்று நம்பி டிக்கட் எடுக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

கொட்டகலை குமார்:
நோர்த் கேப்புக்கு மட்டும் கப்பல் டூரையே வாங்குங்க, அங்க சிக்கனம் பார்க்க வேணாம். துறைமுகத்துல இருந்து 34 கிலோமீற்றர், ஒரு பக்கம் 45 நிமிஷம். டவுன் பஸ் கப்பல் நேரத்துக்குப் பொருந்தாது, டெக்ஸிக்கு ரெண்டு பக்கமும் கொடுக்கிற காசு டூரை விடக் கூடலாம். முக்கியமா, கப்பல் டூர் பஸ் பிந்தினா கப்பல் நிக்கும். நீங்க தனியா போய்ப் பிந்தினா நிக்காது.

அங்க 307 மீற்றர் பாறை விளிம்பு, 1978ல வச்ச இரும்பு உலக உருண்டை, உள்ளுக்கு மண்டபம். 1907ல சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் வந்துபோனதுக்கு ஒரு சின்ன தாய்லாந்து அருங்காட்சியகமும் இருக்கு. காத்து ஆளைத் தள்ளும், பனிமூட்டம் வந்தா உருண்டையே தெரியாது. நம்ம ஹோர்ட்டன் சமவெளி உலக முடிவுல முகில் மூடினா எப்படியோ அப்படித்தான்.

நானுஓயா நிலா:
மத்த ஊர்களுக்கு ஒரு கணக்கு. நிறுத்த நேரத்துல இருந்து இறங்குற வரிசைக்கு 15 நிமிஷம், திரும்பி வர்றதுக்கு 30 நிமிஷம் கழிங்க. மிஞ்சுறதுதான் உங்க நேரம். கப்பல் வாசல்ல கிளம்புற நேரம் எழுதியிருப்பாங்க, இறங்கும்போது அதை போன்ல படம் எடுங்க. அறைச் சாவி அட்டையை ஸ்கேன் பண்ணித்தான் வெளிய விடுவாங்க, அதனால ஆள் உள்ளுக்கா வெளியவான்னு அவங்களுக்குத் தெரியும். தெரியும்கிறதுக்காகக் காத்திருக்க மாட்டாங்க. கடவுச்சீட்டையும் அம்மாவோட மருந்தையும் அறையில வச்சிட்டு இறங்க வேணாம். கப்பல் போயிட்டா அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவுதான்.

அம்மாவோட காலுக்கு இன்னொன்னு. நம்ம கடல்ல வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அங்க வடக்குல அதைவிட ரொம்பக் கூட. காலையில மட்டமா இருந்த ஏறுபலகை திரும்பி வரும்போது சாய்வா நிக்கும். ஈரமும் இருக்கும். ரப்பர் அடி வச்ச சப்பாத்து, கைத்தடி ரெண்டும் கட்டாயம்.

ஹட்டன் மகன்:
ஏஜன்ட் வடக்கு வழிக்கு மாத்தித் தாறேன்னுட்டார்! இப்ப ஓலசுண்ட்ல மலை மேல ஏறி ஊரைப் பார்க்கலாம்னு அப்பா சொல்றார், 418 படியாமே. ட்ரொம்சோவுக்கும் ஏதாவது சொல்லுங்க.

நானுஓயா நிலா:
நல்லதண்ணியில இருந்து சிவனொளிபாதமலை ஏறி இறங்கினவருக்கு 418 படி ஒரு கணக்கா? அப்பா படியில போகட்டும், அம்மாவை டெக்ஸியில மேல கொண்டுபோங்க, உச்சி வரைக்கும் ரோட்டு இருக்கு. கீழ தெரியுற ஊர் முழுக்க 1904 ஜனவரி 23ம் திகதி தீயில எரிஞ்சு, சில வருஷத்துலயே கல்லால திரும்பக் கட்டினது. அதனாலதான் கூர்க் கோபுரமும் பூவேலையுமா எல்லா வீடும் ஒரே காலத்து வீடா தெரியும்.

செப்டெம்பர், ஒக்டோபர்ல கப்பல் காலையில ஓலசுண்ட் வந்து, ஹியூருண்ட் மலைக்குடாவுக்குள்ள போய், சாயங்காலம் மறுபடி ஓலசுண்டுக்கே வரும். குடாவுக்குள்ள சின்னப் படகுலதான் இறக்குவாங்க, அம்மாவுக்கு அது வேணாம். ரிசெப்ஷன்ல சொல்லிட்டு காலையிலயே ஓலசுண்ட்ல இறங்கி சாயங்காலம் ஏறினா முழுப் பகலும் உங்களுக்கு. குடாவை விடுறதுதான் நட்டம். அப்பாவுக்குப் படியை விட குடாதான் வேணும்னா அவர் கப்பலோடயே போகட்டும், நீங்க அம்மாவோட நில்லுங்க.

கொட்டகலை குமார்:
ட்ரொம்சோ: கப்பல் ஊர் நடுவுல நிக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கேபிள் கார், 421 மீற்றர் உயரம், 4 நிமிஷத்துல மேல. பாலம் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, நடந்தா காத்துல அம்மா தவிச்சுப் போவாங்க, பஸ்ஸுல போங்க. 1965ல கட்டின ஆர்க்டிக் தேவாலயம் பாலம் முடியுற இடத்துலயே இருக்கு. முதல்ல கேபிள் கார், இறங்கி வந்து தேவாலயம், அந்த வரிசைதான். மாத்திப் போனா டூர் பஸ் கூட்டம் கேபிள் கார் வாசல்ல உங்களுக்கு முன்னால நிக்கும். அஞ்சேகாலுக்கு திரும்புற பஸ்ல இருக்கணும். பலமா காத்து அடிச்சா கேபிள் கார் ஓடாது, டிக்கட் எடுக்க முந்தி பாருங்க. ஓடாட்டி துறைமுகம் பக்கத்துல துருவ அருங்காட்சியகம் இருக்கு. அதே மலைக்கு நேபாள ஷெர்பாக்கள் கட்டின 1200க்கு மேல கல்படியும் இருக்கு, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.

ஹட்டன் மகன்:
பூடோவுல சால்ட்ஸ்ட்ரவ்மென் நீர்ச்சுழலுக்கு நாமளே போகலாமா?

பதுளை வாசகி:
வேண்டாம். ரோட்டால் 33 கிலோமீற்றர், கையில் இரண்டரை மணித்தியாலம். அதைவிடப் பெரிய சிக்கல், சுழல் எப்போதும் சுழலாது. 150 மீற்றர் அகலமான நீரிணைக்குள் கடல் ஏறும்போதும் வற்றும்போதும்தான் வேகம் வரும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. இடையில் போனால் நுவரெலியா கிரகறி வாவி மாதிரி அமைதியாகக் கிடக்கும். அன்றைய வற்றுப்பெருக்கு நேரம் கப்பல் நேரத்தோடு பொருந்தினால் கப்பல் டூர் எடுங்கள். இல்லையென்றால் பூடோவில் துறைமுகத்தைச் சுற்றி நடந்துவிட்டு ஏறுங்கள். அன்று காலையில்தான் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுவீர்கள், ஒரு சின்னத் தீவில் உலக உருண்டைச் சிலை தெரியும். அதற்கு அறிவிப்பார்கள், தூங்கிவிடாதீர்கள்.

ட்ரொண்டைமில் பேராலயம் கப்பலிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீற்றர், மட்டமான தெரு. அம்மாவுக்குப் போக டெக்ஸி, வர நடை. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் காலையில் ஆராதனை இருக்கும், கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். மருந்து, பற்றரி எல்லாம் சனிக்கிழமையே வாங்குங்கள்.

நானுஓயா நிலா:
உடுப்பு: நுவரெலியா பேல் பஜார்ல வாங்குற தடிச்ச ஜெகட் போதும், ஆனா அது குளிருக்குத்தான். மேல ஒரு காத்துப் புகாத மழைக்கோட்டு வேணும். குடை கொண்டுபோக வேணாம், முதல் நாளே முறியும். வட்டவளை மழை பார்த்தவங்களுக்கு பேர்கன் மழை புதுசில்ல, பக்கவாட்டுல வர்றதுதான் புதுசு. மரக்கறிச் சாப்பாட்டை புக் பண்ணும்போதே எழுத்துல குடுங்க, மீனும் முட்டையும் வேணாம்னு தனியா எழுதுங்க, மரக்கறின்னாலும் மீன் போடுற ஆட்கள் இருக்காங்க. காசுத்தாள் எங்கயும் தேவைப்படாது. கழிவறைக்குக் கூட சில இடத்துல கார்ட்தான், அதனால வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடச் சொல்லி பேங்க்ல முன்கூட்டியே சொல்லுங்க, ரெண்டு கார்ட் வச்சிருங்க.

பதுளை வாசகி:
வீசா: ஷெங்கன் விண்ணப்பத்தில் புதிய திகதியும் புதிய வழியும்தான் போகணும், ஏஜன்ட்டின் பழைய கடதாசியை இணைத்துவிடாதீர்கள். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம்.

ஹட்டன் மகன்:
பழைய கடதாசிதான் ஃபைல்ல இருந்துச்சு அக்கா, இப்பத்தான் எடுத்தேன். கிர்க்கெனஸ்ல காலை 9 மணிக்கு இறங்கினா மதியம் பிளைட் புடிக்கலாமா?

கொட்டகலை குமார்:
விமான நிலையம் 15 கிலோமீற்றர்தான், கப்பல் நேரத்துக்கு பஸ் இருக்கும். ஆனா கப்பல் பிந்துற நாளும் உண்டு. பின்னேர பிளைட்டா போடுங்க.