ஆறு மாச எம்.டி.ஆர் டிபி மாத்திரை: இது சோதனை மருந்தா?

ராணிப்பேட்டைக்காரி:
தம்பிக்கு 29 வயசு, எம்.டி.ஆர் டிபி, அதாவது வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய். பெடாகுயிலின், பிரீட்டோமனிட், லைன்சோலிட், மாக்சிஃப்ளாக்சசின், நாலும் ஆறு மாசம் சாப்பிடணுமாம். இப்போ மூணாவது மாசம். இருமல் நின்னுடுச்சு. ஆனா உள்ளங்கால் எரியுதுன்னு ராத்திரி ஈரத்துணி சுத்திக்கிட்டுப் படுக்கிறான். "நம்மள வெச்சு சோதனை பண்றாங்க"ன்னு சித்தப்பா வேற கிளப்பிவிட்டுட்டார். ரெண்டு நாளா மாத்திரையையே தொடல. என்ன செய்றது?

காதுமிஷின்:
சகோதரி, இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் விட்டதையும் மறைக்காதீங்க. எரிச்சல் பெரும்பாலும் லைன்சோலிட் வேலைதான். தென்னாப்பிரிக்காவுல நிக்ஸ்-டிபி ஆய்வுல 109 பேருக்கு அதைத் தினம் 1200 மி.கி. கொடுத்தாங்க. பத்துக்கு ஒன்பது பேர் தேறினாங்க, ஆனா பத்துக்கு எட்டு பேருக்கு நரம்புத் தொல்லை. அதனாலதான் ஜீநிக்ஸ்னு அடுத்த ஆய்வு வெச்சு, 600 போதும்னு கண்டுபிடிச்சாங்க. தேவைன்னா டாக்டர் இன்னும் குறைப்பார், நீங்களா கை வைக்காதீங்க.

சித்தப்பாகிட்ட சொல்லுங்க, சோதனையெல்லாம் தாண்டி வந்த மருந்து இது. 2022ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது, 2024ல இந்தியா ஏத்துக்கிச்சு. எனக்கு 2010ல வந்தப்போ ரெண்டு வருஷ வைத்தியம். முதல் ஆறு மாசம் கானாமைசின் ஊசி, ஞாயிறு மட்டும் லீவு. நாலாவது மாசம் அம்மா "மூணு விசில் வந்தா அணைடா"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போனாங்க. குக்கர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பருப்பு கருகுற வாடை வந்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. பெடாகுயிலினுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதே 2012 டிசம்பர்ல. டிபிக்குன்னு புது வகை மருந்து வர நாப்பது வருஷம் ஆச்சு. ஏழை நோய்க்கு எவன் முதல் போடுவான், விடுங்க.

லேப்காரன்:
விட்டுவிட்டு சாப்பிடுறதுல ஒரு ஆபத்து இருக்கு. பெடாகுயிலின் உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும், மத்த மூணும் சில நாள்ல போயிடும். அப்புறம் அது ஒண்டியா நிக்கும், கிருமி அதுக்குப் பழகிடும். கிருமிக்கு சக்தி தயாரிக்கிற இடத்தையே அடைக்கிற மருந்து, அதை வீணாக்கிடாதீங்க. சாப்பாட்டோட சாப்பிடணும், இ.சி.ஜி.யும் தவறக் கூடாது.

ராணிப்பேட்டைக்காரி:
போய்ட்டு வந்துட்டோம். ரத்தம் எடுத்தாங்க, லைன்சோலிட்டைக் குறைச்சிருக்காங்க. கண்ணு பாக்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. குக்கர் கதையைச் சித்தப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல. தம்பி இப்போதான் சோறு தின்னுட்டு மாத்திரை போட்டான்.