ஃபேஷன் இதழ் அட்டை: ஓவியம் போனது இழப்பா?

தூரிகை:
1932 ஜூலையில் 'வோக்' என்ற அமெரிக்க ஃபேஷன் இதழில் எட்வர்ட் ஸ்டைகன் எடுத்த படம் அட்டையில் வந்தது. சிவப்பு நீச்சலுடையில் ஒரு பெண், உயர்த்திய கையில் பெரிய பந்து. வோக் அட்டைக்கு வந்த முதல் வண்ணப் புகைப்படம் அது. அட்டைக் கலை அன்றிலிருந்து சரிந்தது என்பேன். அதற்கு முன் பெரும்பாலும் ஓவியம்தான். 'ஹார்பர்ஸ் பஜார்' என்ற இன்னொரு ஃபேஷன் இதழுக்கு ஓவியர் எர்த்தே மட்டும் 200க்கும் மேல் அட்டைகள் வரைந்தார். வோக்கில் இதழின் பெயரையே படத்துக்கு ஏற்றபடி விதவிதமாக எழுதுவார்கள்.

நெகட்டிவ் ரோல்:
1950 ஜனவரி வோக் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? எர்வின் புளூமென்ஃபெல்ட் எடுத்தது. ஒரு கண், உதடு, ஒரு மச்சம், அவ்வளவுதான். மூக்குகூடக் கிடையாது, மற்றதெல்லாம் வெளுத்துப்போய் வெள்ளை. இதுவும் புகைப்படம்தானே?

தூரிகை:
அதை ஒத்துக்கொள்கிறேன், அபாரமான அட்டை. ஆனால் அப்புறம் என்ன ஆனது? நடிகை முகம், இரண்டு பக்கமும் தலைப்பு வரிகள். கண் எங்கே போய் நிற்கும்?

அச்சுக்கூடம்:
நான் பல வருடம் லேஅவுட் வேலை பார்த்தவன். கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைப்பார்கள். மேல் விளிம்புதான் தெரியும். இதழ் பெயர் ஒரே இடத்தில், ஒரே எழுத்தில் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குள்ளேயும் துணிச்சல் காட்டியவர்கள் உண்டு. 1988 நவம்பரில் ஆசிரியர் அன்னா வின்டூர் போட்ட முதல் வோக் அட்டையில் மாடல் மிக்கேலா பெர்க்கூ, லக்ருவா என்ற வடிவமைப்பாளரின் விலையுயர்ந்த சட்டையோடு சாதாரண ஜீன்ஸ் போட்டுத் தெருவில் சிரித்தபடி நிற்கிறார். தவறான படமோ என்று அச்சகத்திலிருந்தே கேட்டார்களாம். 1992 செப்டம்பர் பஜாரில் வடிவமைப்பாளர் ஃபேபியன் பேரன் இதழின் பெயரிலிருந்து ஒரு 'ஏ' எழுத்தை நகர்த்தி, மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டாவின் கைக்கே கொண்டுவந்தார். ஒரே ஒரு வரிதான் வாசகம். இன்றைக்கும் எனக்கு அதுதான் பாடம்.

நெகட்டிவ் ரோல்:
தூரிகை, அழகை விடுங்கள். ஓவியத்தில் நீண்ட கழுத்தோடு நின்ற பெண் பெரும்பாலும் கற்பனை. புகைப்படம் நிஜமான ஒருவரைக் கொண்டுவந்தது. 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் அமெரிக்க வோக் அட்டைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2018 செப்டம்பரில் பாடகி பியான்சேயைப் படம் எடுத்த டைலர் மிட்செல், அமெரிக்க வோக் அட்டைக்குப் படம் எடுத்த முதல் கறுப்பினக் கலைஞர். இதை எர்த்தேயின் அட்டை செய்திருக்குமா?

தூரிகை:
1932லிருந்து 1974 வரை 42 வருடம் கேமராவும் வெள்ளை முகங்களைத்தானே காட்டியது? அது தேர்ந்தெடுத்தவர்களின் குற்றம், தூரிகையின் குற்றம் இல்லை. 2020 ஜனவரியில் 'வோக் இத்தாலியா' படப்பிடிப்பே இல்லாமல் ஓவிய அட்டைகளோடு வந்ததே. படப்பிடிப்புக்காகப் பறப்பதும் பொருள்களை அனுப்புவதும் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

நெகட்டிவ் ரோல்:
42 வருடக் கணக்கு சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வோக் இத்தாலியா அடுத்த மாதமே புகைப்படத்துக்குத் திரும்பிவிட்டது.