பை சுமந்து நடக்கும்போது நமக்கான வேகம் எது?

திருவையாறு நடை:
கல்லணையிலிருந்து திருவையாறு வரை காவிரிக் கரையில் இரண்டு நாள் நடக்கத் திட்டம். என் எடை 60 கிலோ, பை 12 கிலோ. வெறுங்கையோடு மணிக்கு 5 கி.மீ. வருகிறது, பையோடு சீக்கிரமே மூச்சு வாங்குகிறது. என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை:
தம்பி, கிலோமீட்டரை விடுங்க, மூச்சைப் பாருங்க. ஒரு முழு வாக்கியத்தைத் திணறாம பேச முடியுற வேகம்தான் உங்க வேகம். நம்ம பக்கம் தரை சமம், அதனாலேயே ஆரம்பத்துல வேகமா போயிடுவோம். முதல் 20 நிமிஷம் வேணும்னே மெதுவா நடங்க. மணல் வந்தா காலடியைச் சின்னதா வைங்க, மூச்சோட தாளம் மாறக்கூடாது. காலை நீளமா எட்டி வச்சா ஒவ்வொரு அடிக்கும் சுமை முழங்கால்ல இடிக்கும்.

குடந்தைக்காரன்:
12 கிலோ உங்க எடையில ஐந்தில் ஒரு பங்கு. அதுக்கு மேல வேண்டவே வேண்டாம், 10 ஆனா இன்னும் நல்லது. முதல்ல இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பு மேல இறுக்குங்க, தோள்பட்டை வார் அப்புறம். தண்ணீர், அரிசி மாதிரி கனமானதெல்லாம் முதுகை ஒட்டி நடுவுல.

திருவையாறு நடை:
மதிய வெயிலுக்கு?

கொள்ளிடக்கரை:
11 முதல் 3.30 வரை மரநிழல்தான். மத்த நேரம் 50 நிமிஷத்துக்கு ஒருதரம் பையை இறக்கி 5 நிமிஷம் உட்காருங்க. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க. தண்ணி வந்துட்டா ஆத்து மணல்ல இறங்காம கரையோட போங்க.