இலங்கை மலைநாட்டார் காளையைக் கண்ட இடங்கள்

தலவாக்கலையிலிருந்து:
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாட்டுப் பொங்கல் என்றால் அது பசுவின் பொங்கல்தான். ஏர் பூட்ட வயல் இல்லை, இழுக்க வண்டியும் இல்லை. காளைக் கன்று பிறந்தால் வீட்டில் ஒரு முகமும் மலராது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியிலேயே புல்லும் அறுத்துச் சுமந்து வருகிற அம்மா, பால் தராத வாய்க்கு எத்தனை நாள் அறுப்பார்? கொஞ்சம் வளர்ந்ததும் விற்றுவிடுவார்கள். சினைக்குக் கூட ஊசிதான். தைப்பொங்கலுக்கு மறுநாள் கொட்டிலைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு, வாழையிலையில் பொங்கல் ஊட்டுகிறோம். பல மாடுகளுக்குக் கொம்பே கிடையாது, கன்றிலேயே சுட்டுவிடுகிறார்கள். வண்ணம் பூச வந்த பிள்ளைகள் நெற்றியில் பூசிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அதே பிள்ளைகள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கோலம் போடும்போது வரைவதைப் பாருங்கள்: திமில், நீண்ட கொம்பு, கழுத்தில் சலங்கை. எங்கள் கொட்டில் எதிலும் இல்லாத காளை! கடல் கடந்து வந்த கொள்ளுப்பாட்டன் நினைவில் ஏற்றி வந்த மாடு அது என்பது என் எண்ணம்.

பண்டாரவளையிலிருந்து:
எங்களுக்குத் தெரிந்த காளை மரத்தாலானது. திருவிழாவில் ஓர் இரவு ரிஷப வாகனம். கீழ்நாட்டுக் கோயில்களுக்குத் தேரோடும் வீதி உண்டு. எங்களுக்கு லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் குறுக்குப் பாதைதான். இறக்கத்தில் நெட்டையர் முன்னால், குட்டையர் பின்னால் தோள் கொடுக்க வேண்டும். ஏற்றம் வந்ததும் ஆள் மாற வேண்டும். மாறாவிட்டால் சுவாமி சாய்ந்துவிடுவார். இதற்கென்றே குரல் கொடுக்க ஒரு பெரியவர் கூட வருவார். மழை பிடித்தால் முதலில் சுவாமிக்குப் படங்கு, அடுத்து நந்திக்கு, மிச்சமிருந்தால் ஐயருக்கு.

கண்டியிலிருந்து:
தலவாக்கலை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மலைநாட்டுக்கும் காளை உழைத்திருக்கிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை, கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இழுத்தவை மாட்டு வண்டிகள்தாம். அந்த மாடுகளுக்கு யார் பொங்கலிட்டார்கள்?

நான் சொல்ல வந்தது வேறு. மாணவர்களைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில், அதாவது வாசற்படியில் பதித்த அரைவட்டச் செதுக்குக் கல்லில், யானை, குதிரை, சிங்கத்தோடு எருதும் வரிசையில் நடக்கிறது. பொலன்னறுவையில் வட்டதாகே என்ற வட்ட வடிவப் பௌத்தக் கோயிலின் வாசற்கல்லில் எருதைக் காணோம். சோழர் ஆட்சிக்குப் பிறகு, சைவர் வணங்கும் விலங்கைக் காலால் மிதிக்கலாகாது என்று எடுத்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு மாணவி விடவில்லை: "சேர், அப்படியானால் யானைமுகப் பிள்ளையாரை வணங்குகிறவர்கள் யானையை மட்டும் மிதிக்கலாமா?" அதற்கு என்னிடம் விடை இல்லை. நல்ல கேள்வி என்று சொல்லி நடையைக் கட்டினேன்.

அடுத்து வானவன்மாதேவி ஈச்சரம், பொலன்னறுவையில் உள்ள சோழர் காலச் சிவன் கோயில். கற்கோயிலின் முன்னே கல் நந்தி படுத்திருக்கிறது. பிள்ளைகள் அதன் காதில் வேண்டுதல் சொல்ல வரிசை கட்டினார்கள். தொடக்கூடாது என்று காவலாளி அதட்டியதால், ஒரு முழம் தள்ளி நின்றே முணுமுணுத்தார்கள். சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த காலம், வேறென்ன கேட்டிருப்பார்கள்?